கதவு இரும்பைப் பிடித்தபடி

இறங்கித்தான் ஆகவேண்டும். மங்கை இறங்கிப் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று. வெற்றிலை பாக்கும் பழமும் பேத்திக்கு வெள்ளிக் கொலுசும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு, "நல்ல நேரம் தாண்டறதுக்குள்ள வந்து சேருங்க, வண்டியிலயே குடித்தனம் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓரங்கட்டிவிட்டு வருகிறேன் என்றார் தணிகாசலம். வண்டி என்னவோ ஓரமாகத்தான் நின்றது. இன்னும் ஓரங்கட்டினால் சாக்கடைக்குள்தான் விடவேண்டும். நாலு வீடு தள்ளிச் சம்பந்தி வீடு. வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வடை பொரிகிற வாசனை. பேத்திக்கு இன்றைக்குப் பெயர் வைக்கிறார்கள். தாத்தாக்காரர் இங்கே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வண்டி ஏதோ மலைப்பாதையில் போகிற மாதிரி. தை மாசத்து ஓசூர்க் காற்று. விடிகாலையில் பனி கொட்டும், வெயில் ஏறினால் காற்றில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், தலையைச் சீவினால் மயிர் சீப்போடு எழுந்து நிற்கும். இந்தக் காற்றுதான் சனியன். எல்லாம் இந்தக் காற்றால் வந்தது. வேட்டி காட்டன், சட்டை காட்டன், உள்ளே போட்ட பனியன்கூடக் காட்டன். காலில் ரப்பர் கிடையாது, தோல் செருப்பு. பொசுபொசுவென்று இருந்த சீட்டுக் கவரைப் போன மாசமே உரித்துக் கடைப் பையனிடம் கொடுத்தாயிற்று. வண்டிக்குப் பின்னால் தரையில் உரசுகிற மாதிரி ஒரு கறுப்புப் பட்டை வேறு வாங்கி மாட்டியிருக்கிறார். மங்கை அதைப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு எதுக்குங்க வாலு?" என்றாள். அவளுக்கு என்ன. அவள் இந்தப் பக்கம் இறங்குவாள், அந்தப் பக்கம் போவாள், அவளை ஒன்றும் செய்யாது. காலம் முழுக்கப் பருத்திப் புடவைதான் கட்டுகிறாள், புண்ணியவதி.

கையைப் பிரித்துப் பார்த்தார். வலது கை. டைல்ஸ் கடைக்காரர் கை, ஓரம் கிழித்த தழும்பு ரெண்டு மூணு, மற்றபடி சாதாரணக் கை. முறை மனப்பாடம். அக்காள் மகன் போனில் வீடியோ அனுப்பி, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடை வாசலில் பழகி, ஆட்கள் சிரித்து, "மொதலாளி காரைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் உள்ள வர்றாரு" என்று அவர்கள் பேசியது காதில் விழுந்து, அதற்கும் வாயை மூடிக்கொண்டு, கடைசியில் கைவந்த முறை. சீட்டுத் துணியும் நம் துணியும் உரசுகிறது, எழுந்திருக்கும்போது அந்தக் கரண்ட் நம் உடம்போடு வந்துவிடுகிறது. இறங்கிய பிறகு எதைத் தொட்டாலும் சுள்ளென்று அடிக்கும். அதனால் சீட்டிலிருந்து எழும் முன்னாலேயே இரும்பைப் பிடிக்க வேண்டும். பெயின்ட் அடித்த இடம் ஆகாது. கதவு வந்து மாட்டிக்கொள்கிற வளையம் இருக்கிறதே, வெறும் இரும்பு, அதைப் பிடித்தபடியே எழுந்து, பிடித்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அதற்கப்புறம் விட வேண்டும். அவ்வளவுதான். முதலில் இது தெரியாமல் என்னவெல்லாம் செய்தார். முழங்கையால் கதவைத் தள்ளினார், இடுப்பால் இடித்துச் சாத்தினார், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சாத்தினார். சாவியின் முனையால் கதவைத் தொட்டுப் பார்த்தார், பொறி சாவிக்குப் போய்விடும், விரலுக்கு வலிக்காது. எத்தனை தடவை அடித்திருக்கும் இந்த ஒரு வருஷத்தில். பெட்ரோல் பங்கில், கடை ஷட்டரில், கோயில் வாசலில். ச்சே என்று கையை ஒரு உதறு உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். உதறுவார், அவ்வளவுதான். துடைத்தது இல்லை. அட, எதற்கு இப்போது அந்த நினைப்பு. ஏசியைக் கூட்டி வைத்தார். எஞ்சினை அணைத்துவிட்டதால் ஏசி வரவில்லை.

போன தை. இதே தெரு, இதே வாசல். பெண்ணைப் பெற்றவர் நிச்சயதார்த்தத்துக்கு வந்து இறங்குகிறார். பெண் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை, பெங்களூரில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. ஆறு மாசம் வீட்டில் சோறு இறங்கவில்லை, கத்தினார், மங்கை அழுதாள், வினோதினி அழவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது. அழாத பெண் சொன்னதைச் செய்துவிடும். சரி என்றார். ஊரில் நாலு பேரிடம், "காலம் மாறிப்போச்சுப்பா, நான் அதெல்லாம் பார்க்கறதில்ல" என்று சொல்லவும் பழகிக்கொண்டார். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியேதான் இருந்தது. அவங்க என்றுதான் சொல்வார், சாதிப் பெயரை வாயால் சொல்ல மாட்டார், தன் சாதியையும் சொல்ல மாட்டார், நாம, அவங்க, அவ்வளவுதான். ஊரில் நாம ஊருக்குள்ளே, அவங்க காலனியில். இது ஊர் இல்லையே, ஓசூர். சம்பந்தி முனியப்பன் டெபுடி தாசில்தாராக இருந்து ரிட்டயரானவர், மாடி வீடு, வாசலில் செம்பருத்தி. இவரைப் போல எத்தனை பேர் அவர் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றிருப்பார்கள். அந்த மனுஷர் கார் நின்றதும் ஓடி வந்தார், செருப்புகூடப் போடாமல். "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்று கையை நீட்டினார். இவர் இறங்கினார், கையைக் கொடுத்தார். சுளீர் என்று அடித்தது. கையை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவேதான். ஷாமியானாவுக்குக் கீழே இருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முனியப்பனின் கை நீட்டினபடியே நின்றது. முனியப்பன் பக்கத்துக் கிழவர் ஒருவர், "இதுக்குத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்தார். கரண்ட் அடிச்சிடுச்சுங்க, கார்ல இருந்து இறங்கினாலே அடிக்குதுங்க என்று இவர் உளறினார். முனியப்பன்தான் சமாளித்தார். "ஆமா ஆமா, எனக்கும் ஆபீஸ் ஜீப்புல அடிக்கும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கையை மடக்கிக் கும்பிட்டு உள்ளே கூட்டிப் போனார். நல்ல மனுஷர். நல்ல மனுஷராக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

கல்யாணத்தில் ஒரு தடவைகூட அவர் கையைத் தொட வேண்டி வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டார் என்று சொன்னால் இந்த மனுஷருக்குக் கோபம் வரும். தற்செயலாகவே எப்போதும் இவர் இரண்டு கையிலும் ஏதாவது இருந்தது. தாம்பாளம், தேங்காய்ப் பை, போன், யாருடைய குழந்தையோ. தாரை வார்க்கும்போது மாப்பிள்ளை கைக்கும் இவர் கைக்கும் நடுவில் பெண்ணின் கை இருந்தது. அது சாஸ்திரம், இவர் வைத்ததா? ஆனால் வினோதினிக்குக் கண் இருக்கிறதே. எல்லாவற்றையும் பார்த்தாள். தலைப்பிரசவம். எந்த வீட்டில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராமல் இருப்பாள்? மங்கை அறையை ஒழித்து, சுவருக்கு வெள்ளையடித்து, புதுத் தூளி வாங்கி, பிரசவ மருந்து இடித்துத் தயாராக வைத்திருந்தாள். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து கூப்பிடப் போனபோது, "நான் அத்தைகிட்டயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். மாமியார்க்காரியே, "போம்மா, போய்ட்டு வா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று கெஞ்சினாள். போகவில்லை. பிரசவம் இந்த ஊர் ஆஸ்பத்திரியில், பத்தியம் இந்த வீட்டில், மாமியார் வெந்நீர் ஊற்றி, மாமியார் மருந்து கொடுத்து. தூளி அங்கே பீரோ மேல் கிடக்கிறது. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான். கையில் வாங்கவில்லை. போன வாரம் ராத்திரி போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, ஒண்ணு கேட்பேன், நிஜத்தைச் சொல்லணும். அன்னைக்கு ஷாக்கு அடிச்சுதா?" என்றாள். "அடிச்சுதும்மா, சத்தியமா அடிச்சுது." "ஷாக்குன்னா ரெண்டு பேருக்கும்தானே அடிக்கும்? மாமா கையை இழுக்கலையே. அவர் கை அப்படியே நின்னுச்சே." அவருக்குக் கை காய்த்துப் போயிருக்கும், வயசாயிற்று, உறைத்திருக்காது என்று என்னத்தையோ சொன்னார். அப்புறம், "பேர் வைக்கறதுக்கு வாங்க. மாமா வாசல்ல வந்து கை கொடுப்பாரு. இவ்வளவு நடந்தப்புறமும் கொடுப்பாரு, அவர் அப்படி. நான் பாப்பாவை வெச்சிக்கிட்டு அங்கதான் நிப்பேன். இந்தத் தடவையும் இழுத்தீங்கன்னா பாப்பாவை உங்க கையில தரமாட்டேன்பா. இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே" என்றாள். குரல் உயரவில்லை. அழவும் இல்லை.

ஆக, கரண்டை இல்லாமல் பண்ணிவிட்டால் போதும். கரண்ட் இல்லாவிட்டால் கை எதற்கு இழுக்கப் போகிறது. இந்த ஒரு கணக்கில்தான் ஒரு வாரமாக மனுஷர் உயிரோடிருந்தார். ஆனால் படுத்தால் தூக்கம் வரவேண்டுமே. சுளீர் என்று அடித்தது, கையை இழுத்தார். அடித்தது, இழுத்தார். அடித்ததால் இழுத்தார். இழுத்தார், அடித்தது. எது முதலில்? சில ராத்திரிகளில் அது மாறிப்போகும். கை பின்னால் வருகிறது, அப்புறம்தான் ஞாபகத்தில் அந்தச் சுளீர். ஒருவேளை கதவைச் சாத்தும்போது அடித்திருக்குமோ? கதவைச் சாத்தியது முனியப்பன் கையைப் பிடிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? கதவில் அடித்திருந்தால் உடம்பில் இருந்த கரண்ட் அங்கேயே தீர்ந்திருக்குமே, வீடியோவில் அப்படித்தானே சொன்னான். அப்படியென்றால் கையில் என்ன அடித்தது? சே, கதவைச் சாத்தியது யாரென்று யாருக்கு ஞாபகம். மங்கைக்குத் தெரியும். மங்கை பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை, பொங்கலன்று பாலைப் பொங்கவிட்டு நிற்கும்போது, சம்பந்தமே இல்லாமல், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கையை இழுத்ததைக்கூட விடுங்க. வேட்டியில தொடைச்சீங்களே." அப்புறம் பொங்கலோ பொங்கல் என்று கூவிவிட்டு அரிசியைப் போட்டாள். துடைத்தேனா? மரத்துப் போயிருக்கும், தேய்த்துவிட்டிருப்பேன். மரத்துப்போன கையை யாரும் தேய்ப்பார்கள். காரில் அடிக்கும்போது தேய்த்ததில்லையே, உதறினதுதானே. வேட்டியில் எந்தப் பக்கம் துடைத்தேன், இடுப்புக்குக் கீழே, வலது பக்கம். கையை இழுடா. யார் சொன்னது? அப்பா. பம்புசெட்டுத் தொட்டி ஓரம், களை எடுத்துவிட்டு வந்த காலனி ஆட்கள் குனிந்து கையைக் குவித்துப் பிடிப்பார்கள், செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் வார்க்க வேண்டும், தாரை அறுபடாமல், செம்பு அவர்கள் கையில் பட்டுவிடாமல். தணிகாசலம் அப்போது சின்னப் பையன், செம்பைத் தூக்கவே தெம்பு கிடையாது, கை நடுங்கித் தாழ்ந்துவிடும். ஒரு அம்மா, பேர் தெரியாது, கேட்டதே இல்லை, பையன் கஷ்டப்படுகிறானே என்று செம்பின் அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கினாள். விரல் இவன் விரல்மேல் பட்டது. சுடுகிற மாதிரி இருந்தது, வெயிலில் வேலை செய்த கை. "கையை இழுடா!" முதுகில் விழுந்தது அடி. அந்தச் செம்பை அப்பா தீயில் போட்டு எடுத்தார். இவன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் தன் வேட்டியிலேயே இவன் கையைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். தோல் சிவந்து போயிற்று. இதையெல்லாம் எந்தக் காலத்திலோ மறந்தாயிற்று. கடையில் எல்லாச் சாதி ஆளும் வேலை செய்கிறான், எல்லாரும் ஒரே பிளாஸ்க் டீதான். மறந்தாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தை, கையை மூடி மூடித் திறந்தது, அது யார் ஜாடை, மூக்கு நம்ம மூக்கு, நெற்றி அவங்க நெற்றி. அவங்க. அடச்சீ. நெற்றி முனியப்பன் நெற்றி, அப்படிச் சொல்லு, அவருக்குப் பேர் இருக்கிறது.

வண்டியின் பக்கக் கண்ணாடியில் முனியப்பன் தெரிந்தார். தேடிக்கொண்டு வருகிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மறுபடியும் காலில் செருப்பில்லை. பின்னால் ஷாமியானா ஓரத்தில் நாலைந்து சொந்தக்காரர்கள், அந்தக் கிழவரும் இருக்கிறார், எல்லாரும் இந்தப் பக்கமே பார்க்கிறார்கள். கேட்டுக்கு முன்னால் மஞ்சள் புடவையில் வினோதினி, மாரில் துணிச்சுருள். சொன்னபடியே நிற்கிறாள். தணிகாசலம் சாவியை உருவிக்கொண்டார். சரி. முறை. அவசரப்படக்கூடாது. கதவைத் திறந்தார். வலது கையைப் பின்னால் கொண்டுபோய் வளையத்தைப் பிடித்தார், குளிர்ந்த இரும்பு, நல்ல இரும்பு, விடாதே. பிடித்தபடியே நகர்ந்தார், வலது காலை ஊன்றினார், இடது காலை ஊன்றினார், எழுந்தார். ஒன்றும் அடிக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு வெறும் காலோடு மண்ணில் நின்றார், எதற்கும் இருக்கட்டும். கதவைச் சாத்தினார், அடிக்கவில்லை. சாவியால் தொட்டார், விரலால் தொட்டார், உள்ளங்கையை விரித்துக் கதவின்மேல் வைத்து அழுத்தினார். செத்த வண்டி. சொட்டுக் கரண்ட் இல்லை. உடம்பில் ஒன்றும் இல்லை, நான் சுத்தம் என்று நினைத்தார், நினைத்த வார்த்தை எங்கோ உறுத்தியது, அதைப் பார்க்க நேரமில்லை. "என்ன சம்பந்தி, இங்கயே நின்னுட்டீங்க? வாங்க வாங்க" என்று முனியப்பன் கையை நீட்டினார். இவரே முந்திக்கொண்டு பிடித்தார். கெட்டியாகப் பிடித்தார். அடிக்கவில்லை. கடவுளே, அடிக்கவில்லை. சூடான, வறண்ட கை, வயசான மனுஷனின் கை, வேறொன்றும் இல்லை, பிடி, இன்னும் கொஞ்ச நேரம் பிடி, அவள் பார்க்கிறாள், சிரி, ஏதாவது பேசு, சூடான கை, செம்புக்கு அடியில்.

கை வந்துவிட்டது. தானாக வந்துவிட்டது. வெடுக்கென்று, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி. வேட்டிக்கு அருகில் போய் அங்கே நின்றது, துடைக்கவில்லை, துடைக்கப் போகிற இடத்தில் நின்றது. எதுவும் அடிக்கவில்லை என்பது இவருக்குத் தெரியும். எதிரே நின்ற மனுஷருக்கும் தெரியும். முனியப்பன் இவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. தெரிந்த சங்கதியை இன்னொரு தடவை கேட்கிறவர் மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். அடுத்த கணம், "ஆ! அம்மாடி!" என்று அலறிக்கொண்டு தன் கையைப் படபடவென்று உதறினார், விரலை வாயில் வைத்து ஊதினார். "யப்பா, என்னா அடி! எனக்கும் சேர்த்து அடிச்சிடுச்சும்மா வினோ! உங்கப்பன் வண்டியில ஈபி ஆபீஸையே வெச்சிருக்கான் போல!" கூட்டம் சிரித்தது. அந்தக் கிழவர்கூடச் சிரித்தார். வினோதினி அப்படியே நின்றாள், மாமனார் உதறுகிற கையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் கலங்கியது. ஆறு மாசச் சண்டையில் அழாதவள், கல்யாணத்தில் அழாதவள், நடுத்தெருவில் அழுதுகொண்டே ஓடி வந்தாள். "நிஜமாத்தான் அடிச்சுதாப்பா? நான் நம்பவேயில்லப்பா. தப்பா நெனச்சிட்டேன்பா. ஒரு வருஷம், உங்களைப் போய்..." என்றாள். சொல், இப்போது சொல், இல்லைம்மா என்று சொல். "கையை நீட்டுங்கப்பா, தலையைப் பார்த்துப் பிடிங்க" என்று குழந்தையை இவர் கைகளில் வைத்தாள்.

எதற்கும் கூசாமல் இரண்டு கையும் வாங்கிக்கொண்டன. கனமே இல்லை. மூக்கு இவர் மூக்கு, நெற்றி முனியப்பன் நெற்றி. அது கையை மூடித் திறந்து இவர் விரலைப் பிடித்துக்கொண்டது. மங்கை வாசலில் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இவர் நிமிர்ந்து சம்பந்தியைத் தேடினார். முனியப்பன் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டபடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். போகிற போக்கில் தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையைத் துடைத்தார். உள்ளங்கையை, விரலை, விரல் இடுக்கை, நிதானமாக. துடைத்துவிட்டுத் துண்டைத் திரும்பத் தோளில் போடவில்லை, சுருட்டி ஷாமியானாக் காலுக்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.